நரி படித்த காலடித் தடம்

பனி மூடிய இலுப்பைக் காட்டில் ஒரு குளம் வற்றிக்கொண்டிருந்தது. குன்றின் மேலிருந்த ஊற்றைச் சிங்கம் பாறையால் அடைத்துவிட்டது. ராஜா தனியாகக் குளிக்க வேண்டுமாம்! கீழே மீன்கள் சேற்றில் வாய் பிளந்து கிடந்தன.

அந்தப் பாறையைப் புரட்டும் பலம் இளங்கரடி கும்பனுக்கு மட்டுமே உண்டு. ஆனால் அவனுக்குத் தட்டைப் பாதம். கொஞ்சம் ஏறினாலே உள்ளங்கால் எரியும், கணுக்கால் உள்பக்கம் சாயும். விலங்குகள் எல்லாம் ஊர்வலமாகக் குன்றேறிய அன்று, அவன் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டான். ஊர்வலமும் திரும்பிவிட்டது.

அன்றிலிருந்து சிங்கத்தின் மந்திரி நரி தினமும் வந்தது.

"ஐயோ தம்பி! இந்தக் காலை வைத்துக்கொண்டு நடக்கலாமா? அரசர் இலவம்பஞ்சு மெத்தை அனுப்பியிருக்கிறார். நீட்டி உட்கார்!"

போகும்போது ஈர மணலில் கரடியின் தடத்தைக் குனிந்து பார்க்கும். அது அம்மிக்கல் போல வளைவே இல்லாமல் பதிந்திருக்கும். "பயமில்லை அரசே!" என்று போய்ச் சொல்லும்.

மரத்தில் ஒட்டியிருந்த உடும்பு சிரித்தது. "மெத்தை சுகமா, மாப்பிள்ளை?"

"கேலி பண்ணாதே மச்சான்! என் பிறவிக் கால் இப்படி!"

"நான் மட்டும் பிறந்ததுமே மரம் ஏறினேனா? விழுந்து விழுந்துதான் இந்தப் பிடி வந்தது. உன் விரல்கள் தூங்குகின்றன. எழுப்பிப் பாரேன்!"

"வலிக்குமே!"

"வலித்தால் நிறுத்து. ஆறியதும் மறுபடி செய். மெத்தையை மட்டும் தூக்கிப் போடு!"

விடியலில் இலுப்பைப் பூக்கள் பனியோடு பனியாக உதிர்ந்தன. கும்பன் கால்விரல்களால் ஒரு பூவைக் கவ்வப் பார்த்தான். நழுவியது. மறுபடி கவ்வினான். பூமணம் தலைக்கேற, கனவில் நடப்பவன் போல மணலில் நடந்தான். கிளையில் தொங்கிய தேனடையை முகர மெல்லக் குதிகாலை உயர்த்தினான், மெல்ல இறக்கினான். தூக்கத்திலும் அவன் விரல்கள் பூப் பொறுக்கின.

பல வாரங்கள் கழித்து ஒரு நாள் காலையில் நரி திடுக்கிட்டது. மணலில் இருந்த தடத்தின் உள்பக்கம் இளம்பிறை போல ஒரு வளைவு!

"இது கும்பன் கால் இல்லையே! அரசே, காட்டில் அந்நியன் புகுந்துவிட்டான்!"

இல்லாத அந்நியனைத் தேடிச் சிங்கம் குன்றைவிட்டு இறங்கி ஓடியது. பனிக்குள் கும்பன் ஏறினான். முன்பு உட்கார்ந்த இடம் வந்தது. கால் வலித்தது. பின்னால் வந்த விலங்குகளும் நின்றன.

"உட்காரப் போகிறாயா, மாப்பிள்ளை?" என்றது உடும்பு.

"வழியை விடு மச்சான்!"

கும்பன் விரல்களால் மண்ணைக் கவ்வினான், ஏறினான், தோள் கொடுத்தான். பாறை புரண்டது!

கீழே நரி இன்னும் அந்தத் தடத்தையே முறைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் சலசலத்து வந்து தடத்தை அழித்தது, இலவம்பஞ்சு மெத்தையை இழுத்துப் போனது. மீன்கள் வால் அசைத்தன.

நம்மை உட்காரவைக்க வரும் இரக்கத்தை உதறிவிட்டு, வலித்தாலும் நம் காலை நாமே பழக்கினால்தான் அடைபட்ட ஊற்று திறக்கும்.