பொதுச்சுவரின் பன்னிரண்டு பங்கு

இந்தக் கதையில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அதனால்தான் தீர்ப்புச் சொல்வது கஷ்டம். ஒரு அயோக்கியன் இருந்திருந்தால் எல்லாருமாகச் சேர்ந்து அவனை வைதுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம்.

மணல்துறை என்றொரு ஊர். அங்கே ஆற்றங்கரைத் தெருவில் ஒட்டினாற்போல் இரண்டு வீடுகள், நடுவில் ஒரே சுவர். செங்கல் மிச்சமாகும் என்று அந்தக் காலத்தில் அப்படிக் கட்டிவிட்டார்கள். ஒரு வீட்டில் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற தேவசகாயம். மற்றதில் நூர்ஜகான், கணவரை இழந்தவள், இடியாப்பம் அவித்து விற்றுப் பிழைப்பவள். இரண்டு வீட்டு உத்திரங்களும் அந்த ஒற்றைச் சுவரின்மேல்தான் நின்றன.

போன மழையில் ஆறு தெருவுக்குள் வந்து மூன்று நாள் தங்கிவிட்டுப் போனது. அதன்பிறகு பேரூராட்சி ஒரு விதி போட்டது. தண்ணீர் ஏறிய உயரத்துக்கு மின்கம்பங்களில் சிவப்புக் கோடு போட்டார்கள். கோட்டுக்குக் கீழே உள்ள ஒவ்வொரு வீட்டையும் நூறு பங்காக வைத்து, வெள்ளம் எத்தனை பங்கை உடைத்தது என்று அளப்பார்கள். ஐம்பதுக்குள் இருந்தால் இருந்தபடியே பழுது பார்க்கலாம், உயர்த்தக் கூடாது. ஐம்பதைத் தாண்டினால் பழுது பார்க்கக் கூடாது. ஜாக்கி வைத்து வீட்டைக் கோட்டுக்கு மேலே தூக்கித் தூண்களில் நிறுத்த வேண்டும், முடியாதவர் காலி செய்ய வேண்டும். வீட்டுக்காரர் தாமே இடித்துப் பாதியைத் தாண்டினால் பழுதுக்கும் அனுமதி இல்லை, தூக்கவும் அனுமதி இல்லை, காலி செய்ய வேண்டியதுதான். விதியை நான் குறை சொல்ல மாட்டேன். அவரவர் இஷ்டத்துக்கு உயர்த்திக்கொண்டால் அடுத்த வெள்ளம் பக்கத்து வீட்டுக்குத்தானே போகும்?

ஓவர்சீயர் சிற்றரசு டேப்போடு வந்து அளந்தார். தேவசகாயத்துக்கு ஐம்பத்து நாலு. நூர்ஜகானுக்கு நாற்பது.

ஆக, தேவசகாயம் வீட்டைத் தூக்கியே தீர வேண்டும். ஜாக்கிக்காரர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "இந்த வீட்ட மட்டும் தூக்குனா சுவரும் சேந்து வந்துரும். அந்தம்மா வீட்டு உத்திரம் அந்தரத்துலயா நிக்கும்? தூக்குனா ரெண்டையும் சேத்துத்தான் தூக்கணும்."

நூர்ஜகான் தன் வீட்டையும் தூக்க மனுக் கொடுத்தாள். நாற்பது பங்குக்கு அனுமதி இல்லை என்று திருப்பிவிட்டார்கள். ஒருவர் தூக்கியே ஆக வேண்டும், இன்னொருவர் தூக்கவே கூடாது, சுவரோ ஒன்று. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

"உன் வீட்ட சாய்ச்சுட்டு நான் மேல ஏறி உக்காந்து என்ன பண்ணப்போறேன், தங்கச்சி? நான் காலி பண்ணிடுறேன்" என்றார் தேவசகாயம்.

"இந்த வயசுல எங்கண்ணே போவீங்க?"



மறுநாள் மதியம் தேவசகாயம் வாடகைக்கு வீடு தேடிப் போயிருந்தார். நூர்ஜகான் கடப்பாரையை எடுத்துத் தன் சமையற்கட்டை இடித்தாள். அவளுக்குச் சோறு போட்ட சமையற்கட்டு அது. கணக்குப் பார்த்தே இடித்தாள், பதினோரு பங்கு. நாற்பதோடு பதினொன்று சேர்ந்தால் ஐம்பத்தொன்று. இருவரும் சேர்ந்தே மேலே போகலாம். தானே இடிப்பதற்கும் ஒரு விதி இருப்பது அவளுக்குத் தெரியாது. எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று வயிற்றெரிச்சல்தான் வந்தது.

சிற்றரசு மறுபடி அளக்க வந்தார். நடுச்சுவருக்கு வந்ததும் பழைய தாளைப் புரட்டினார். அவர் செய்த தவறு அதில் தெரிந்தது. விரிசல் தேவசகாயம் பக்கம் தெரிந்ததால், சுவரின் பன்னிரண்டு பங்கையும் அவர் பெயரிலேயே எழுதியிருந்தார். ஆளுக்கு ஆறாகப் பிரித்திருந்தால் தேவசகாயத்துக்கு நாற்பத்தெட்டு, நூர்ஜகானுக்கு நாற்பத்தாறு. யாரும் எதையும் தூக்க வேண்டியதில்லை, இடிக்க வேண்டியதில்லை. பூசினால் போதும். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். கண்ட தவறை அவர் இருவரிடமும் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

பிறகு கேட்டார்: "ஏம்மா, இந்தச் சமையற்கட்டு எப்படி விழுந்துச்சு?"

"நான்தான் சார் இடிச்சேன். வெள்ளத்துமேல பழி போட மாட்டேன்."

புதுக் கணக்குப்படி தேவசகாயம் சுவரைப் பூசிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். அவரோ குறுக்கே பாய்ந்தார். "பயத்துல உளறுது சார்! வெள்ளத்துல தொங்கிக்கிட்டு நின்னது தானா விழுந்துச்சு, நான் கண்ணால பாத்தேன். பழைய கணக்கே இருக்கட்டும். ரெண்டு வீட்டையும் தூக்கிக்கிறோம்."

சிற்றரசு பேனா மூடியைக் கழற்றினார். "நான் பொய் எழுதுனா நாளைக்கு இந்தத் தெருவுல ஆளுக்கொரு கடப்பாரை எடுப்பாங்கம்மா" என்றார். உண்மையையே எழுதினார். தன் தவறையும் எழுதி, அதற்கு மெமோ வாங்கிக்கொண்டார். தேவசகாயத்துக்குப் பழுதுபார்க்கும் அனுமதி வந்தது. நூர்ஜகானுக்கு நாற்பத்தாறோடு தானே இடித்த பதினொன்றும் சேர்ந்து பாதியைத் தாண்டிவிட்டதால், மழைக்கு முன்பாகக் காலி செய்யும்படி நோட்டீஸ் வந்தது.

உண்மை சொன்னவள் நூர்ஜகான். பொய் சொன்னவர் தேவசகாயம். உண்மையை எழுதியவர் சிற்றரசு. கேட்டுக்கொண்டிருப்பவரே, இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: என் கட்சி தேவசகாயம். நூர்ஜகானின் நேர்மைக்குக் குறைவில்லை. ஆனால் அலுவலகத்தின் பிழையையும் சேர்த்து அவளே சுமந்துவிட்டாள். சிற்றரசு தம் பிழைக்கு மெமோ வாங்கினார், அந்தப் பிழையை நம்பி இடித்த சமையற்கட்டை மட்டும் அவள் பெயரிலேயே விட்டுவிட்டார். தமக்கு ஒரு காசு லாபமில்லாத பொய்யைச் சொன்னவர் தேவசகாயம் ஒருவர்தான். சரிதான், அதனால் யாருக்கு என்ன பயன்? சுவருக்கு இரண்டு பேர் சொந்தம், பூச வேண்டுமானால் அந்த அம்மாவின் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள் பேரூராட்சியில். தேவசகாயம் சம்மதத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வாயெடுக்காமல் நின்றார். சட்டிபானைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த நூர்ஜகான் கையைத் துடைத்துக்கொண்டு, "குடுங்கண்ணே" என்று தானே வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.