சோப்பு டப்பாவும் கிழட்டுப் பாலமும்

ஒரு ஊர்ல ஒரு கிழட்டுப் பாலம் இருந்துச்சாம். ம் கொட்டு, இல்லேன்னா நான் தூங்கிடுவேன். அந்த ஊர்ல பூங்கோதைன்னு ஒரு பொண்ணு, மிஷின் வேலை படிச்சவ. அவ அம்மா தினமும் நாலு மணி பஸ்ல, அந்தப் பாலத்து மேலதான் சந்தையிலேருந்து வருவா. பாலம் என்னிக்கு விழுமோன்னு பூங்கோதைக்கு ஒரே கவலை. அப்போ அவ என்ன பண்ணா? சோப்பு டப்பாவுக்குள்ள மலிவா ஒரு சென்சார் வெச்சு, பஸ் வர்ற கரையோரத் தூண்ல ஒட்டிட்டா. தூண் வழக்கத்துக்கு மேல ஆடுனா, அது கீச்சு கீச்சுன்னு கத்தும்.

பாலத்துக்குப் பொறுப்பு ஓவர்சியர் ஏகாம்பரம். தொப்பை முன்னால வரும், அவர் பின்னால வருவாரு. "சோப்பு டப்பாவா என் பாலத்துக்கு வைத்தியம் பாக்குது? மூணு தடவை சும்மா கத்துச்சுன்னா, ஆத்துல வீசிடுவேன்"னாரு.

மறுநாளே கீச்சு கீச்சு! ஓடிப்போய்ப் பாத்தா, ஒரு ஆடு டப்பாவுல சொறக்கு சொறக்குன்னு முதுகு தேய்ச்சுக்கிட்டு நிக்குது. "ஒண்ணு"ன்னாரு ஏகாம்பரம்.

அப்புறம் ஒரு நாள் கீச்சு கீச்சு! டீக்கடை செவ்வந்தியக்கா, "இவ்ளோ கெட்டிக்கார டப்பாவுக்குக் கண்ணு பட்டுடும்"னு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருக்கா. காத்துல அது டொக்கு டொக்குன்னு டப்பாவை இடிக்குது. "ரெண்டு!" பூங்கோதைக்கு அழுகையே வந்துடுச்சு, பாவம். ம் சொன்னியா? சரி.

அப்புறம் மூணாவது தடவை. மணி மூணே முக்கால். கீச்சு கீச்சு! ஆடும் இல்ல, பழமும் இல்ல. ஏகாம்பரம் டப்பாவை வெடுக்குனு பிச்சாரு. கையில வந்ததும் கப்சிப். "பாத்தியா, மிரட்டுனதும் அடங்கிடுச்சு!"

பூங்கோதை அதைப் பிடுங்கித் தூண்ல வெச்சா. கீச்சு! எடுத்து அவர் தொப்பையில வெச்சா. கப்சிப். மறுபடி தூண்ல. கீச்சு கீச்சு கீச்சு!

"சார், கத்துறது டப்பா இல்ல. உங்க பாலம்!"

அப்போ தூரத்துல பாம் பாம்! ஏகாம்பரத்துக்கு வேர்த்துக் கொட்டிடுச்சு. சட்டையைக் கழட்டி வீசிக்கிட்டே, தொப்பை குலுக்கு குலுக்குன்னு ஆட, பஸ்சுக்கு எதிர்ல ஓடுனாரு பாரு ஒரு ஓட்டம்! கிரீச்சுன்னு பஸ் நின்னுச்சு. எல்லாரும் இறங்கி வையுறாங்க. பூங்கோதை அம்மா, "ஏண்டி, என் தக்காளியெல்லாம் நசுங்கிப் போச்சேடி!"ங்கிறா. சொல்லி முடிக்கல, தூண் மொளுக்குன்னு இறங்க, மடமடமடன்னு பாலம் ஆத்துல உக்காந்துடுச்சு. அம்மா தக்காளியைப் போட்டுட்டு மகளைக் கட்டிக்கிட்டு ஓன்னு அழுதா.

அப்புறம் புதுப் பாலம் கட்டுனாங்க. ஏகாம்பரமே டப்பா ஒட்டுனாரு. தினமும் அது பக்கத்துல காதை வெச்சுக் கேட்டுட்டுத்தான் பாலத்துல ஏறுவாராம். சத்தம் இல்லேன்னா எல்லாம் நல்லாயிருக்குன்னு அர்த்தமாம்.

என்ன, ம் சத்தத்தையே காணோம்?

சரி சரி. சத்தம் இல்லேன்னா எல்லாம் நல்லாயிருக்கு. கதை கரை சேந்தாச்சு, தூங்கு கண்ணு.