பிரபுவின் தொட்டாச்சிணுங்கி

ஹாலந்து தேசத்துச் சீமான்கள் செடிப்பித்துப் பிடித்து அலைந்த காலம் அது. நம் வரப்போரத்தில் மிதிபடும் தொட்டாச்சிணுங்கி, அங்கே ஹுய்பெர்ட் பிரபுவின் கண்ணாடி வீட்டுக்குள் செல்லப்பிள்ளையாக வளர்ந்தது. பிரபு தொட்டால் தலை குனியும். “செடிக்கும் என் குலப்பெருமை தெரிகிறது” என்று பூரித்துப்போவார்.

வணக்கம் என்றால் அவருக்குக் கொள்ளை ஆசை. வேலையாட்கள் அவருக்கு மட்டுமில்லை, அவருடைய வேட்டைநாய்க்கும் தினமும் குனிந்து வணங்க வேண்டும்.

ஒருநாள் தோட்டக்காரி லைஸ்பெத்தைக் கூப்பிட்டார். “ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வருகிறார்கள். இந்தச் செடி எனக்கு மட்டும்தான் குனிய வேண்டும். வேறு யாருக்காவது குனிந்தால் உன் வேலை போச்சு.”

“சொல்லிப் பழக்குகிறேன், எசமான்” என்றாள் அவள்.

விருந்தன்று பிரபு ஒரு கிளையைத் தொட்டார், குனிந்தது. விருந்தாளிகள் வாயைப் பிளந்தார்கள். பின்னாலேயே வந்த நாயின் வால் அடுத்த கிளையில் பட்டது, அதுவும் குனிந்தது.

பிரபுவின் முகம் சிவந்தது. “நீ பழக்கிய லட்சணம் இதுதானா?”

“வேலையாட்களைப் பார்த்துக் கற்றுக்கொள் என்றுதான் சொன்னேன், எசமான். நாங்கள் செய்வதைத்தானே அதுவும் செய்கிறது?” என்ற லைஸ்பெத், நாய்க்குப் பணிவாக ஒரு வணக்கம் வைத்தாள்.

விருந்தாளிகள் சிரித்த சிரிப்பில் கண்ணாடியே அதிர்ந்தது.

இனி நாய்க்கு யாரும் குனிய வேண்டாம் என்று மறுநாளே உத்தரவு வந்தது. செடிதான் பழைய வழக்கத்தை விடவில்லை.