தேனெடுப்பவர் வீட்டு உல்ரிக்

ஜெர்மனியில் காட்டோரமாக ஒரு மடம். அதில் உல்ரிக் என்ற பெயரில் நான்கு துறவிகள் இருந்தார்கள். அந்தக் காலத்தில் ஆளுக்கு ஒரு பெயர்தான். "உல்ரிக்" என்று கூப்பிட்டால் நால்வரும் திரும்புவார்கள். அதனால் அவரவர் வீட்டுத் தொழிலையும் சேர்த்து அழைத்தார்கள். மாவு அரைப்பவர் வீட்டு உல்ரிக், முல்லர். காட்டு மரப் பொந்துகளில் தேனெடுப்பவர் வீட்டு உல்ரிக், சைட்லர்.

சைட்லருக்கு ஐம்பது வயது. இருபது வயதில் மரம் ஏற மாட்டேன் என்றார். அப்படியானால் வீட்டில் இருக்காதே என்றார் அப்பா. மடத்துக்கு வந்துவிட்டார். அப்பா ஒருமுறைகூடத் தேடி வரவில்லை. எல்லாவற்றையும் துறந்த பிறகும் அந்தப் பெயர் மட்டும் அட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒருநாள் மடத்தின் குரு கூனோவிடம் கேட்டே விட்டார். குரு அவரைவிட எட்டு வயது இளையவர்.

"குருவே, நான் மரம் ஏறி முப்பது வருடமாகிறது. இன்னும் ஏன் சைட்லர்?"

"உங்களைத் தேடி ஓர் அம்மா வந்திருக்கிறார்" என்றார் குரு.

வாசலில் நின்றது யூட்டா, அப்பாவின் பக்கத்து வீட்டுக்காரி.

"அப்பா போய்விட்டார், தம்பி. ஞாயிற்றுக்கிழமை அடக்கம் செய்தோம்."

என்றாவது ஒருநாள் போய்ப் பார்த்துவிடலாம் என்றுதான் உல்ரிக் முப்பது வருடமும் நினைத்துக்கொண்டிருந்தார்.

"தேனீக்களுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை" என்றாள் யூட்டா. "வீட்டில் நல்லது கெட்டது எது நடந்தாலும் வீட்டு ஆள்தான் மரத்தைத் தட்டிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கூட்டை விட்டுப் போய்விடும். அவர் விட்டுப்போனதில் மிச்சம் அவைதான்."

"நான் அந்த வீட்டு ஆள் இல்லையே."

குரு செருப்பை மாட்டிக்கொண்டார். "வாருங்கள். நானும் வருகிறேன்."

அரைநாள் நடந்தார்கள். காட்டுக்குள் அப்பாவின் பைன் மரத்தை யூட்டா காட்டினாள். பொந்துக்குள் தேனீக்கள் இரைந்துகொண்டிருந்தன. உல்ரிக் தட்டக் கையை ஓங்கினார். பிறகு இறக்கிவிட்டார்.

"நான் சொன்னால் எப்படி நம்பும்? நான் வீட்டை விட்டுப் போனதை அப்பா அன்றைக்கே இவற்றிடம் சொல்லியிருப்பார்."

"இல்லை" என்றாள் யூட்டா. "உன் அம்மா செத்ததைச் சொன்னார். பசு கன்று போட்டதைக்கூடச் சொன்னார். நீ போனதை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால் ஏணியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவார்."

உல்ரிக் மரத்தில் நெற்றியை வைத்து அழுதார். மற்ற இருவரும் தள்ளி நின்றார்கள்.

வெகுநேரம் கழித்துக் கேட்டார்: "குருவே, நான் யார் என்று இவற்றிடம் சொல்வது?"

"வீட்டிலேயே இருக்கிற பிள்ளையை, நீ யார் என்று யாரும் கேட்பதில்லை" என்றார் குரு. "தட்டுங்கள்."