மெழுகுக் கன்னத்தில் ஒரு விரல்

கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைக்கும் ஜெசிந்தாவுக்கு நவீனக் கலைக்கூடத்தில் அன்றுதான் முதல் வேலை. ஊரே அஞ்சும் ஆலை முதலாளி வேதாசலம் தன் பரிவாரத்தோடு சுற்றிப் பார்க்க வந்திருந்தார். அவர் போன இடமெல்லாம் அவள் கேமராவோடு போனாள். அவரோ அவளைத் திருடியைப் பார்ப்பதுபோலவே பார்த்துக்கொண்டு நடந்தார்.

திடீரென்று காவலாளி கத்தினார். வெள்ளை மெழுகில் வார்த்த பெரிய முகம் ஒன்றின் கன்னத்தில், விரல் அழுந்திய பள்ளம்! எல்லோரும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

வேதாசலம் முந்திக்கொண்டார். "இந்தப் பொண்ணுதான் எல்லாத்துக்கும் கிட்டக் கிட்டப் போனா. தொடலைன்னா இப்பவே நிரூபிக்கட்டும். இல்லேன்னா கேமராவைப் பிடுங்கிட்டு போலீசைக் கூப்பிடுங்க."

ஜெசிந்தா யோசித்தாள். தொடாததை எப்படி நிரூபிப்பது? கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு கலைக்கூட இயக்குநர் நளாயினியிடம் திரும்பினாள்.

"மேடம், தொட்ட கை படத்துல விழாமலா போகும்? எல்லாத்தையும் பெரிய திரையில போட்டுப் பார்த்துடலாமா?"

"அதெல்லாம் வேண்டாம்! முதல்ல எல்லாத்தையும் அழி!" என்று பாய்ந்தார் வேதாசலம்.

நளாயினி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மாட்டப்போறது அவங்கன்னா, நீங்க ஏன் சார் அழிக்கச் சொல்றீங்க?"

வேதாசலத்துக்கு வியர்த்துவிட்டது. "கல்லுன்னு நினைச்சேம்மா... சும்மா அழுத்திப் பார்த்தேன்" என்று முனகினார். பரிவாரம் தரையைப் பார்த்தது.

"எங்கே, அந்தப் படத்தைக் காட்டுங்க" என்றார் நளாயினி.

"அப்படி ஒரு படமே இல்லீங்க மேடம்" என்றாள் ஜெசிந்தா. "சார் அந்த முகத்துக்கிட்ட நின்னப்போ நான் பேட்டரி மாத்திட்டிருந்தேன்."