பொங்கியண்ணனின் காணாமல் போன ஏழு சென்டிமீட்டர்

நாமக்கல் பூங்காவில் காலை நடை முடிந்ததும் ரெண்டு உளுந்து வடை உள்ளே போனால்தான் பொங்கியண்ணனுக்கு நடந்தது கணக்கில் சேரும். அந்த வடைக்குத்தான் இன்றைக்கு ஆபத்து. பூங்காவில் மருத்துவ முகாம். உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் பி.எம்.ஐ. இருபத்தைந்தைத் தாண்டினால் வடை கிடையாது, சீட்டைக் கையோடு கொண்டு வரணும் என்று மனைவி பாவாயி சொல்லி அனுப்பியிருந்தார். மனுஷருக்குப் பயம்தான். ஆனாலும் எடை பார்த்து இறங்கியதும் நர்ஸிடம் வாய் மட்டும் அடங்கவில்லை.

"எடை எழுவத்தாறு. உயரம் நூத்தி எழுவத்தஞ்சுன்னு எழுதிக்க அம்மிணி."

லாரி எடைமேடையில் வேலைக்குச் சேர்ந்தபோது, இருபத்திரண்டு வயதில் அளந்த உயரம் அது; ஐம்பது வருஷத்துக்கு மேலாச்சு. நர்ஸ் அவரைச் சுவரோடு நிறுத்தி அளந்தாள்.

"நூத்தி அறுவத்தெட்டுதானுங்கய்யா. பி.எம்.ஐ. இருவத்தேழு. வயசானா எல்லாருக்கும் உயரம் கொறையுமுங்க."

"வயசா! எடைமேடை ஒருநாள் சரிஞ்சு போச்சு அம்மிணி. மேல முட்டை லாரி. அடியில பூந்து தலையில தாங்குனேன். ஏழு சென்டிமீட்டர் அங்க அமுங்குனது. ஒரு முட்டை ஒடையல."

"எத்தன முட்டை?" பின்னால் நின்ற கூட்டாளி நாச்சிமுத்து கேட்டார்.

"மூணு லட்சம்."

"போன வாரம் ஒரு லட்சம்னியே?"

"அது மொத லாரி. பின்னாலயே இன்னும் ரெண்டு ஏறிச்சில்ல? அந்நேரம் பார்த்து ஒரு தும்மல் வந்துச்சு. மூணு லாரியும் பறந்து மோகனூர்ல போய் எறங்குச்சு."

"டிரைவருங்க?"

"தூக்கமே கலையலியே! அமுங்குன சதையெல்லாம் உள்ள இரும்பாயிருச்சு அம்மிணி. இரும்பு கனக்குமில்ல? இருவத்தேழுல ரெண்டைக் கழிச்சு எழுது."

நர்ஸ் சிரித்துவிட்டாள். "இந்த வயசுல இருவத்தேழுக்குப் பயப்பட வேண்டாமுங்க. ரொம்ப மெலிஞ்சாலுந்தான் கவலை. தொப்பையும் கால் பலமும் பாக்கோணும். கையை ஊனாம இந்த நாற்காலியிலிருந்து எந்திரிங்க, இரும்பு இருக்குதான்னு பாக்கலாம்."

வடை பிழைத்த சந்தோஷத்தில் பொங்கியண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார். மூணாவது முயற்சியில் எழுந்தும் விட்டார். இடுப்பைக் கவ்விக்கொண்டு நாற்காலியும் கூடவே எழுந்தது. வரிசையே விழுந்து விழுந்து சிரித்தது.

அவர் அசரவில்லை. "பாத்தியா நாச்சிமுத்து! நான் எந்திரிச்சா நாற்காலிகூட மரியாதைக்கு எந்திரிக்குது!"

நர்ஸ் நாற்காலியைப் பிடுங்கி எடுத்துவிட்டு, சீட்டை எழுதிக் கையில் கொடுத்தாள்.

"வீட்டம்மாகிட்டக் குடுங்கய்யா. தினம் ஒரு வடை. நாற்காலி மரியாதை குடுக்காத அன்னைக்கு ரெண்டாவது."