நாலாம் பக்கம்

“அம்மா, நாலு வருஷமா உங்க காலடியில கிடக்கேன். ஒரு ஓட்டைக் காரு கூட என்னை மதிக்க மாட்டேங்குது!”

பிச்சாண்டி வாத்தியார் புலம்பிக்கொண்டே வந்து நின்றார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வயது அறுபத்தொன்று. அவருடைய குரு குழந்தையம்மாளுக்கு நாற்பத்திரண்டுதான். ஆசிரமத்துக் கீரைப்பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன ஆச்சு வாத்தியாரே?”

“சாவியைத் திருப்பினா டக்குனு ஒரு சத்தம். அதோட சரி. பெட்ரோல் இருக்கு. பேட்டரி போன மாசம் போட்டது. மெக்கானிக் இன்னிக்குக் கடை திறக்க மாட்டான். பஸ் பதினோரு மணிக்குத்தான். ரயில் பத்தே முக்காலுக்கே வந்துடும்மா!”

ரயிலில் வருகிறவள் அவர் மகள் மங்கையர்க்கரசி. தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று அவர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. ஏழு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. போன வாரம் அவளாகவே போன் செய்தாள். ஸ்டேஷனுக்கு நீங்க வந்தா உங்ககூட வரேன், வரலைன்னா அடுத்த ரயில்ல திரும்பிடுவேன் என்றாள்.

சொன்னால் செய்கிறவள். பிடிவாதத்தில் அப்பாவை அப்படியே உரித்து வைத்திருந்தாள்.

அம்மா கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

முந்தின நாள் ஆயுத பூஜை. ஆசிரம வாசலில் நின்ற காரில் வாழைக்கன்று, மாலை, கண்ணாடியில் பட்டை பட்டையாக விபூதி.

“பூஜை யார் போட்டது?”

“நானேதாம்மா!”

அம்மா பானெட்டைத் திறந்தார். உள்ளேயும் விட்டுவைக்கவில்லை மனுஷன். ரேடியேட்டருக்குப் பொட்டு. பேட்டரிக்குக் கெட்டிச் சந்தனம்.

“இதுக்குமா?”

“அதுதானேம்மா வண்டிக்கு உயிர்! மேலோட்டமா வைக்க மனசு வரல. ஒயரைப் பிடிக்கிற கிளாம்பைக் கழட்டி, பேட்டரி முனையைச் சுத்திச் சந்தனம் பூசி, அப்புறம்தான் திரும்ப மாட்டினேன்.”

அம்மா அவரை ஒருதரம் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பாடுபட்டது தெரிந்தது.

“ஸ்பானர் எங்கே?”

“பூஜையில இருக்கும்மா. மறுபூஜை முடியாம எடுக்கக் கூடாதே...”

அம்மாவே போய் எடுத்து வந்தார். ஸ்பானரிலும் குங்குமம்.

கிளாம்புகளைக் கழற்றினார். உள்ளே சந்தனம் காய்ந்து ஓடாகி, கரண்ட் பாய வழியில்லாமல் அடைத்திருந்தது. ஸ்பானர் முனையால் சுரண்டினார்.

“துடைக்க ஏதாவது குடுங்க.”

வாத்தியார் சட்டைப் பையைத் தடவினார். மடித்த காகிதம் எட்டிப் பார்த்தது.

“அது என்ன?”

“மங்கைக்கு எழுதினதும்மா. நேர்ல பாத்தா எனக்கு வாய் குழறும். படிச்சுக் காட்டிடலாம்னு. நாலு பக்கம்.”

“என்ன எழுதியிருக்கீங்க?”

“ஏன் கல்யாணத்துக்கு வரலைன்னு விளக்கமா எழுதியிருக்கேன். அப்ப என் நிலைமை, ஊர்ப் பேச்சு, சொந்தக்காரங்க சொன்னது...”

“மன்னிப்பு?”

“நாலாம் பக்கத்துல கேட்டிருக்கேன்மா. கடைசி வரி.”

அம்மா கையை நீட்டினார். குரு கேட்டால் என்ன செய்வது? கொடுத்தார்.

முதல் பக்கத்தைக் கசக்கிப் பேட்டரியின் ஒரு முனையைத் துடைத்தார் அம்மா.

“ஐயோ அம்மா! ஒரு வாரமா எழுதினது!”

இரண்டாம் பக்கம் இன்னொரு முனைக்கு. மூன்றாம் பக்கம் கிளாம்புகளுக்கு. நாலாம் பக்கத்தை மட்டும் மடித்து அவர் பையிலேயே வைத்தார். கிளாம்புகளை மாட்டி முடுக்கினார்.

“இப்ப திருப்புங்க.”

வண்டி ஒரே திருப்பில் உறுமியது. வாத்தியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே பையைத் தடவிப் பார்த்தார்.

“அம்மா, எல்லாம் போச்சே! அவகிட்ட நான் என்ன பேசுவேன்?”

“மணி பத்தே கால் வாத்தியாரே,” என்று சொல்லிவிட்டு அம்மா கீரைப்பாத்திக்குப் போனார்.

அவர் பிளாட்பாரத்துக்கு ஓடியபோது ரயில் வந்து போயிருந்தது. மங்கை பெட்டியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்தாள். சிரிக்கவில்லை.

அவர் கை பைக்குள் போனது. காகிதத்தை எடுக்காமலே திரும்பி வந்தது.

“என்னை மன்னிச்சிடும்மா.”

மங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு பெட்டியைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.

“இந்த ஒரு வார்த்தைக்கா ஏழு வருஷம்ப்பா?”

“சந்தனம் கொஞ்சம் அதிகமாப் பூசிட்டேம்மா,” என்றார் வாத்தியார்.